யுவராணிக்கு ஒரு பூசை

பாப்பாரப்பட்டி,
பிப்ரவரி 5, வியாழன்.

இயேசுவுக்குப் புகழ்.

அன்பு மகள் பிளசிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் சுகம். அப்பாவுக்கு வலது தோளில் மட்டும் ஒரு பிடிப்பு, தைலம் தேய்க்கிறேன், தேய்க்கும்போதே குறை சொல்கிறார் என்றால் ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று வைத்துக்கொள். நீ அங்கே சுகம்தானே? நைட் டியூட்டி முடிந்து வந்து வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு பிடி அரிசியாவது வை. முந்தாநாள்தானே முகம் பார்த்துப் பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பது எனக்குத் தெரிகிறது. போஸ்ட் ஆபீசில் போய் அயர்லாந்துக்கு எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன், இரண்டு வாரமும் ஆகலாம், மூன்றும் ஆகலாம் என்றார்கள். ஆகட்டும். இதைப் போனில் சொல்ல முடியாது பிளசி. நான் வாயைத் திறப்பதற்குள் நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏம்மா கண் சிவந்திருக்கிறது என்பாய், நான் வெங்காயம் உரித்தேன் என்பேன், பேச்சு வேறு பக்கம் போய்விடும். போன இரண்டு மாதமாக அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

விஷயம் இதுதான். உன் பெரியம்மா டிசம்பர் ஏழாம் தேதியிலிருந்து போன திங்கட்கிழமை வரைக்கும் என்னோடு பேசவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முப்பத்தொரு வருஷமாக ஒரே வாசலில் கோலம் போட்டவர்கள் நாங்கள் இரண்டு பேரும். கிறிஸ்துமஸ் அன்று நீ பெரியம்மா எங்கே என்று கேட்டாய், கோயிலில் இருக்கிறார் என்றேன். பொய். பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். தப்பு என்னுடையது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பிணக்கு இப்போது பாதிதான் தீர்ந்திருக்கிறது. மீதிப் பாதியைத் தீர்க்க என்னால் முடியாது, உன்னால்தான் முடியும் என்பதால் எழுதுகிறேன். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போகாமல் வரிசையாகப் படி.

அந்த 'ஒரே கூரை' நிகழ்ச்சி பற்றி உனக்குக் கொஞ்சம் தெரியும். பதினான்கு பேரை ஒரு வீட்டுக்குள் நூறு நாள் அடைத்துப் போட்டு, மூலைக்கு மூலை கேமரா வைத்து, அவர்கள் சமைப்பதையும் சண்டை போடுவதையும் அழுவதையும் தினம் இரவு ஒன்பதரைக்குக் காட்டுகிறார்கள். ஆரம்பத்தில் நான் அதைச் சீண்டக்கூட இல்லை. எதிர் வீட்டுத் தீர்த்தம்மாள் அவள் வீட்டு டிவி கெட்டுப்போய் இங்கே வந்து உட்கார்ந்து பார்ப்பாள், அவளைக் கேலி செய்துகொண்டு நான் கீரை ஆய்வேன். ஊரான் வீட்டில் எவன் பாத்திரம் கழுவவில்லை என்று உனக்கென்ன கவலை, உன் வீட்டுப் பாத்திரம் ஊறிக் கிடக்கிறது போ என்பேன். பிறகு பத்தாம் நாளோ என்னவோ, அதில் யுவராணி என்று ஒரு பெண், நம் பென்னாகரம் பக்கத்துப் பெண்தான், லோடு ஆட்டோ ஓட்டிக் காய்கறி விற்கிறவள், அவள் ஏதோ பேச்சில் எங்க வூட்டுல என்று சொல்லிவிட்டாள். அங்கிருந்த ஒரு சட்டைக்காரன், வேளைக்கு ஒரு சட்டை மாற்றுகிறவன், அவளைப் போலவே வூடு வூடு என்று சொல்லிக் காட்டி, உனக்குத் தமிழே வராதா என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வந்தது பார் கோபம், கீரைத் தட்டைக் கீழே வைத்தவள்தான், அதற்குப் பிறகு அந்த நேரத்தில் நான் கீரை ஆயவில்லை.

அன்றிலிருந்து யுவராணி என் பெண்ணாகிவிட்டாள். யார் உள்ளே இருப்பது, யார் வெளியே போவது என்று பார்க்கிறவர்கள் போனில் ஓட்டுப் போடவேண்டும், ஒரு போனுக்கு ஒரு நாளைக்குப் பத்து ஓட்டு. என் போன், உன் அப்பா போன், தீர்த்தம்மாள் போன், அவள் மருமகள் போன் எல்லாவற்றையும் வாங்கி வரிசையாக வைத்து நான்தான் அழுத்துவேன். உள்ளாட்சித் தேர்தலில் உன் அப்பா நின்று தோற்றாரே, அதற்குக்கூட நான் இவ்வளவு வேலை செய்யவில்லை, அவரே அதைச் சொல்லிக் காட்டினார். நீ கூப்பிடும்போதெல்லாம் ஒன்பதேகாலுக்குத் தூக்கம் வருகிறது என்று வைத்தேன் அல்லவா, தூக்கமும் இல்லை ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் யாரோ சாம்பார் வைப்பதைப் பார்த்துக்கொண்டு இங்கே காலையில் வைத்ததையே சுட வைத்து ஊற்றினேன். உன் பெரியப்பா போனதிலிருந்து பெரியம்மா அந்த வீட்டில் தனியாகத்தானே இருக்கிறார், பெற்ற பிள்ளை பிரவீன் ஓசூரிலிருந்து மாதம் ஒருமுறை வந்தால் உண்டு. அக்டோபரில் மூன்று நாலு நாள் சாயங்காலம் சாப்பிட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். அவர் ஏதாவது பேச ஆரம்பித்தால் நான், கொஞ்சம் இருங்க அக்கா, விளம்பரம் வரட்டும் என்பேன். விளம்பரம் வந்தால் போனை எடுத்து ஓட்டுப் போடுவேன். அப்புறம் அவர் வருவதில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வரும்போது பெரியம்மா என் கையைப் பிடித்து, டிசம்பர் ஏழு ஞாயிறு வருகிறது, பெரியவருக்கு வருஷப் பூசைக்குப் பேர் கொடுத்துவிடு, எனக்கு முட்டி வலி, கோயில் ஆபீஸ் படி ஏற முடியவில்லை என்றார். இதென்ன பெரிய வேலை, கொடுத்துவிடுகிறேன் என்றேன். புதன்கிழமை இரவு அந்த நிகழ்ச்சியில் யுவராணிக்கு ஒரு கடிதம் வந்தது, அவள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று. அவள் அதைப் படித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் தீர்த்தம்மாளும் இங்கே மூக்கைச் சிந்திச் சிந்தி முந்தானையே நனைந்துபோனது. மறுநாள் காலைப் பூசைக்குப் போனபோதும் அதே நினைப்பு. பூசை முடிந்து ஆபீசுக்குப் போனேன். உபதேசியார் சவுரியப்பன் நோட்டைத் திறந்து டிசம்பர் ஏழாம் தேதிப் பக்கத்தை எடுத்து, யாருக்குப் பூசை, என்ன கருத்தும்மா என்றார். இரண்டு கருத்து கொடுக்கவேண்டும் என்றுதான் போனேன், சத்தியமாக. ஆனால் முதலில் வாயில் வந்தது யுவராணி. அவர் எழுதிக்கொண்டே, எந்த யுவராணி, அந்த வீட்டு யுவராணியா என்றார். அவரும் பார்க்கிறார்! அவ்வளவுதான், அந்தச் சட்டைக்காரன் இந்த வாரம் வெளியே போவானா மாட்டானா என்று நானும் அவரும் கால் மணி நேரம் வாக்குவாதம். பேசிப் பேசியே அவர் நோட்டை மூடினார், நானும் கோயில் வேலையை முடித்துவிட்ட திருப்தியோடு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ஏழாம் தேதி ஞாயிறு. மொரப்பூரிலிருந்து பெரியம்மாவின் தம்பி குடும்பம் விடியற்காலையே வந்திருந்தது. பிரவீன் லீவு போட்டு வந்திருந்தான். பெரியம்மா வெள்ளைச் சேலை கட்டி முதல் பெஞ்சில், நான் அவருக்குப் பக்கத்தில். சாமியார் புதியவர், வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. பூசை தொடங்கும்முன் கருத்துகளை வாசித்தார். யார் யாருக்கோ ஆன்ம இளைப்பாற்றி, யாருக்கோ திருமண நாள் நன்றி, பிறகு, யுவராணியின் தாயார் பூரண சுகம் பெறவும், யுவராணி கடைசி நாள் வரை வீட்டுக்குள் நிலைத்திருக்கவும், வேண்டுபவர் அருள்ராணி ஜேக்கப் என்று, ஒன்றும் புரியாமல், பக்தியாக வாசித்தார். பின் வரிசையில் சிரிப்புக் கேட்டது. அதோடு தாளை மடித்து வைத்துவிட்டார். எனக்கு அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. பெரியம்மா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. தாள் மடித்த பிறகும் சாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஒரு பேர் வரும் என்று காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து உன் அப்பா எழுந்து பீடத்துக்குப் பின்னால் போய் யாரிடமோ சொன்னார், அதனால் மரித்தவர்களை நினைக்கிற இடத்தில் சாமியார் உன் பெரியப்பா பேரை, சவரிமுத்து என்று, ஒரு தடவை சொன்னார். பூசை முழுக்க என் காதில் வேறெதுவும் விழவில்லை.

பெரியம்மா கத்தியிருந்தால் நான் காலில் விழுந்து எழுந்திருப்பேன். கத்தவில்லை. வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் சாப்பாடு போட்டார். எனக்கும் போட்டார், மொரப்பூர் ஆட்களுக்குப் போடுவது போலவே, சாப்புடுங்க, வெக்கப்படாதீங்க என்று சொல்லிப் போட்டார். முப்பத்தொரு வருஷத்தில் என்னிடம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, சோத்துப் பானையை நானே எடுத்துப் போட்டுக்கொள்கிற வீடு அது. உன் அப்பாவும் திட்டவில்லை. இரவு படுக்கும்போது மட்டும், ஒரே ஒரு பேருதானே சொல்லி வுட்டாங்க என்றார். அதோடு சரி. அதற்குப் பிறகு பெரியம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வந்தால் பேசாமல் குடத்தை நகர்த்தி வைப்பார். கிறிஸ்துமசுக்கு நான் முறுக்கும் அதிரசமும் தட்டில் வைத்து உன் அப்பாவிடம் கொடுத்தனுப்பினேன், வாங்கிக்கொண்டார், தட்டைக் கழுவித் திருப்பி அனுப்பினார், அதில் அவர் வீட்டுப் பலகாரம் எதுவும் இல்லை. வெறும் தட்டைப் பார்த்து நான் அழுதேன். நீ அன்றைக்கு வீடியோவில், அம்மா புதுச் சேலை நன்றாக இருக்கிறது என்றாய்.

இவ்வளவு நடந்த பிறகும் நான் அந்த நிகழ்ச்சியை விட்டேனா என்று கேள். விடவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பக்கத்து வீட்டில் நிஜமான ஒரு மனுஷி பேசாமல் இருக்கிறார், அதைத் தாங்க முடியாமல் நான் டிவியில் போய் உட்கார்ந்தேன். அங்கே எது நடந்தாலும் என்னால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை, பத்து ஓட்டு அழுத்தினால் என் கடமை முடிந்தது. இங்கே அப்படி இல்லை, எழுந்து பத்தடி நடந்து ஒரு வாசல்படி ஏறவேண்டும். அந்தப் பத்தடியை என்னால் நடக்க முடியவில்லை. பொங்கல் முடிந்து நிகழ்ச்சியும் முடிந்தது, யுவராணி இரண்டாவதாக வந்தாள். அந்தச் சட்டைக்காரன்தான் ஜெயித்தான், போகட்டும். அதற்குப் பிறகு பத்து நாள் ஒன்பதரை மணி ஆனால் எனக்குக் கை கால் ஓடவில்லை.

போன சனிக்கிழமை இங்கே புதிதாக ஒரு நகைக்கடை திறந்தார்கள், திறந்து வைக்க யுவராணி வருகிறாள் என்று தீர்த்தம்மாள் ஓடி வந்து சொன்னாள். பத்து மணி என்று சொல்லி ஒரு மணிக்கு வந்தாள். சந்தைத் தெரு முழுக்க ஜனம். நான் முண்டியடித்துப் பக்கத்தில் போய்விட்டேன், இந்த வயதில் என் சேலைக் கரை கிழிந்ததுகூடத் தெரியவில்லை. அம்மா எப்படி இருக்காங்க கண்ணு, அவங்களுக்காக நான் பூசை வெச்சேன் என்றேன். அவள் சிரித்து, நல்லா இருக்காங்கம்மா, தேங்க்ஸ், சப்போர்ட் பண்ணுங்க என்று சொல்லிவிட்டு அடுத்த போனுக்கு முகத்தைக் காட்டினாள். நிகழ்ச்சியே முடிந்துவிட்டது, இன்னும் என்ன சப்போர்ட். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை பிளசி, பாவம், அந்தப் பெண்ணுக்கு நான் யார்? மூன்று மாதம் நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை, இது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும், எனக்குத்தான் தெருவில் நின்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா, பார்த்தாயா என்றார். போனில் எடுத்ததைக் காட்டினேன். பாதி யாருடைய முழங்கையோ, மீதி அவள் முதுகு. என்ன கலர் சேலை கட்டியிருந்தாள் என்று தீர்த்தம்மாள் கேட்டதற்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அண்ணி வூட்டுல புளி உலுக்கியாச்சு, இந்த வருசம் ஆளு கெடைக்கல, தனியா உக்காந்து தட்டறாங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு முழுக்க மனசைத் திடப்படுத்திக்கொண்டு திங்கட்கிழமை காலையில் போனேன். யாரும் கூப்பிடவில்லை. உள் அறை முழுக்கப் புளி குவிந்திருந்தது. பெரியம்மா ஓடு உடைத்து நார் உரித்துக்கொண்டிருந்தார். நான் இன்னொரு கட்டையையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து கொட்டை தட்ட ஆரம்பித்தேன். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. உரித்ததை என் பக்கம் தள்ளிவிட்டார், நான் தட்டினேன். மதியம் வரைக்கும் இரண்டு பேர் கை மட்டும்தான் வேலை செய்தது, என் விரலெல்லாம் பிசுபிசு என்று ஒட்டி, இடுப்பு விட்டுப்போனது. கேழ்வரகுக் களி கிளறி எனக்கும் ஒரு உருண்டை வைத்தார். அதைத் தின்றுவிட்டுத்தான் தைரியம் வந்து, அக்கா, பூசைக்குப் பேரு கொடுக்காம வுட்டது என் தப்புங்க, மன்னிச்சுடுங்க என்று சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் சுத்தியலை நிறுத்தவில்லை.

"பூசையில பேரு வுட்டுப்போனதுக்கா நான் பேசாம இருக்கறேன்னு நெனச்சுட்டு இருக்கற? மறதி யாருக்கும் வரும். ஜேக்கப் போயி சொல்லி, சாமியாரும் பேரு சொல்லிட்டாரு. அது அன்னைக்கே முடிஞ்சுது. அதுக்கு முந்தின வருசம் நீ மண்ணு போட்டியா?"

எனக்கு விளங்கவில்லை. என்ன மண்ணுங்க அக்கா என்றேன்.

"குழியில. ஆளுக்கு ஒரு கைப்பிடி போட்டாங்க. தீர்த்தம்மா போட்டா, பால் ஊத்தற பையன் போட்டான். நீ போடல. உங்கையில போனு இருந்துது."

பிளசி, பெரியப்பா அடக்கத்தன்று நீ அங்கே வேலையில் சேர்ந்து மூன்றாவது வாரம், லீவு கிடைக்காது என்று அழுதாய், கடைசி வரைக்கும் காட்டு அம்மா என்று கேட்டாய். நான் காட்டினேன். வீட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை கையை இறக்காமல் காட்டினேன். கல்லறைத் தோட்டத்தில் டவர் கிடைக்கவில்லை என்று ஒரு மேட்டில் ஏறி நின்றேன். சாமியார் கடைசி ஜெபம் சொல்லும்போது நான், தெரியுதா கண்ணு, கேட்குதா கண்ணு என்று உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாரும் குனிந்து மண் அள்ளியது எனக்கு ஞாபகம் இருக்கிறது, எப்படி ஞாபகம் என்றால் உள்ளங்கை அகலத்துக்கு, போனில் தெரிந்த அளவுக்குத்தான் ஞாபகம். உன் பெரியப்பாவின் முகத்தை மூடியது எப்போது என்று எனக்குத் தெரியாது, அந்த நேரத்தில் பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். நீ நர்சிங் காலேஜில் சேரப் போன அன்று தொப்பூரில் லாரி கவிழ்ந்து நாலு மணி நேரம் வண்டி நகராமல் நின்றபோது, உன் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மலைப்பாதையில் அத்தனை லாரிகளையும் தாண்டி நடந்து, அந்தப் பக்கம் போய் உன்னைச் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டவர் அவர். அந்த மனுஷனுக்கு நான் ஒரு கைப்பிடி மண் போடவில்லை, அன்றைக்கு ஒரு சொட்டு அழவும் இல்லை. முகம் தெரியாத யுவராணியின் அம்மாவுக்கு இரண்டு நாள் அழுதிருக்கிறேன். என்ன ஜென்மம் நான்! போய் இப்போதாவது போடலாம் என்றால் பிரவீன் ஆறாம் மாதமே சிமெண்ட் பூசிக் கல் பதித்துவிட்டான்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை உனக்கு எழுதியிருக்க மாட்டேன், என் பாவம் என்னோடு என்று இருந்திருப்பேன். நான் அழுவதைப் பார்த்துப் பெரியம்மா சிதறிய கொட்டைகளைக் கையால் கூட்டி ஒதுக்கினார். பிறகு சொன்னார்:

"போனை அவரு பக்கமே புடிச்சுக்கிட்டு நின்ன. எம்பக்கம் ஒருக்கா திருப்பியிருந்தா அந்தப் புள்ள என்னைப் பாத்து ஒரு வார்த்த பேசியிருக்கும். நானும் ஒரு வருசமா பாக்கறேன், பிளசி எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல."

நான் விடவில்லை, பெற்றவள் அல்லவா, அது முழுக்கப் பாத்துது அக்கா, அழுது அழுது குரலே போயிடுச்சு என்றேன்.

"அழுதுதா? எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அன்றைக்கு ராத்திரி நீ என்னிடம், முழுசும் பார்த்துட்டேன் அம்மா, நேரில் வந்து நின்ற மாதிரியே இருந்தது என்றாய். நானும், நல்லவேளை, பிள்ளைக்கு மனக்குறை இல்லை என்று நினைத்தேன். நீயும் பெரியம்மாவைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டாயா என்று நானும் கேட்கவில்லை. பார்த்துவிட்டோம், அதனால் போய்விட்டு வந்தாகிவிட்டது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம். உன்மேல் குற்றம் சொல்ல எழுதவில்லை கண்ணு, காட்டு என்று நீ கேட்டாய், தூரத்தில் இருக்கிற பிள்ளை வேறென்ன கேட்கும், கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் நீ போன வருஷம் ஒன்று சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? உன் வார்டில் ஒரு பெரியவர் சாகும்போது அவர் மகன் எங்கேயோ இருந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்தான், எல்லாம் முடிந்த பிறகு உன்னிடம், என் அப்பா கை இன்னும் சூடாக இருக்கிறதா சிஸ்டர் என்று கேட்டான், அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை அம்மா என்றாய். அந்தப் பையனுக்குக் கேட்கவாவது தோன்றியது. பெரியம்மாவின் கையைப் பற்றி நாம் இரண்டு பேரும் யாரிடமும் கேட்கவில்லை.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். நான் தினமும் காலையில் புளி தட்டப் போகிறேன், இன்னும் பத்து நாள் வேலை இருக்கும். பெரியம்மா பேசுகிறார், முன்னைப் போல் இல்லை, கேட்டால் பதில் சொல்கிறார், நேற்று என் நார் உரிப்பைப் பார்த்துத் திட்டினார், அது நல்ல அறிகுறி. பெரியப்பாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிறுத்தாமல் சொல்கிறார், அவர் இவ்வளவு பேசுகிறவர் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. பெரியப்பா கடைசி வாரத்தில் என்ன கேட்டார், எதைச் சாப்பிட்டார் என்பதெல்லாம் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது, அக்டோபரில் அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார். இன்று காலை இரண்டு பேருமாகக் கோயிலுக்குப் போனோம், என் தோளைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் படி ஏறினார், பதினைந்தாம் தேதி ஞாயிறு பூசைக்குப் பெரியப்பா பேரை அவரே சொன்னார். சவுரியப்பன் தலையை நிமிர்த்தவே இல்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அந்தப் பூசை முடிந்திருக்கும். அதை உனக்குக் காட்டப் போவதில்லை, போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவேன், கோபித்துக்கொள்ளாதே. டிவியை விற்றுவிட்டேன், தலை முழுகிவிட்டேன் என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல மாட்டேன், அடுத்த வருஷம் திரும்பப் போடுவார்கள், என் புத்தி எனக்குத் தெரியும். அப்பா செய்தி பார்க்கிறார், நான் சில நாள் கூட உட்காருகிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. மாத்திரை என்று எதையாவது நீயே போட்டுக்கொள்ளாதே, நர்சுகள்தான் அதில் மோசம். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இல்லாவிட்டால் பூசைக்குப் போ, போய்ப் பின்னால் நிற்காமல் உள்ளே உட்கார். கல்யாணப் பேச்சை இந்தக் கடிதத்தில் எடுக்கவில்லை என்று சந்தோஷப்படாதே, அதற்கு வேறு கடிதம் எழுதுவேன். மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நீ எடுத்த வேலை எல்லாம் நல்லபடியாக முடியட்டும். அப்பாவும் தன் ஆசீர்வாதத்தை எழுதச் சொன்னார்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பெரியம்மாவின் போன் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன். சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிடு, உனக்கு அப்போது காலை பத்தரை. வெளிநாட்டு நம்பர் வந்தால் எடுக்காதே, ஏமாற்றுக்காரர்கள் என்று பிரவீன் அவரைப் பயமுறுத்தி வைத்திருக்கிறான், அதனால் முதல் தடவை எடுக்க மாட்டார், விடாமல் மறுபடி அடி. என் போனுக்கு அடித்து, பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் கொடு என்று சொல்லாதே, நான் கொடுக்க மாட்டேன். அவருடையது பழைய பட்டன் போன். அதில் படம் வராது. நீ அழுதாலும் அழுகிறாய் என்று அவருக்குத் தெரியாது, பிளசி, வாயைத் திறந்து நீதான் சொல்லவேண்டும்.

உன் அம்மா,
அருள்ராணி ஜேக்கப்.